ஐந்தாவது பட்டை

ஸ்ரீபதி பிசாளின் டேச்சாத் துவையலைத் தொட்டு வடை தின்ற எந்த வெளித் தேர்வாளரும் தாவரவியல் மாணவர்களின் மதிப்பெண்ணில் கை வைத்ததில்லை. பதினாறு ஆண்டுகளாக அந்தத் துறையில் நிலைத்திருந்த நம்பிக்கை இது. பாடம் நடத்தியவர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்திருக்கலாம். ஆனால் செய்முறைத் தேர்வு நெருங்கும்போது அவர்களும் பச்சை மிளகாய் வாங்கியாயிற்றா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கராட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் வரும் தாலுகா ஊரின் கல்லூரி அது. ஸ்ரீபதி அங்கே ஆய்வக உதவியாளர். கண்ணாடிச் சாமான்களைக் கழுவுவார், நுண்ணோக்கிகளைத் துடைத்துப் பெட்டியில் வைப்பார். எந்த இலையை எந்த வேலியில் பறிக்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும். முதல்வர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாரும் அவரை மாமா என்றே அழைத்தார்கள். பதிவேட்டில் மட்டும் அவர் தற்காலிகப் பணியாளர். ஏப்ரல் முப்பதோடு வேலை முடிந்துவிடும். ஜூனில் அன்றுதான் புதிதாகச் சேருகிறவர் போல ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு உள்ளே வருவார். நடுவில் மே மாதம் முழுக்க அவர் யாருக்கும் மாமா இல்லை. அந்த மாதம் ஆய்வகச் சாவிகூட அவரிடம் இருக்காது. மனைவி தாராபாய் மாம்பழம் நறுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டுவாள். அதனாலேயே அவருக்கு மாம்பழம் ருசிப்பதில்லை.

அந்த ஆண்டு நிலைமை மாறும்போல இருந்தது. பதினைந்து ஆண்டு முடித்த தற்காலிகக்காரர்களை நிரந்தரமாக்க உத்தரவு வந்திருந்தது. துறைத் தலைவர் ஒரு படிவத்தை நிரப்பிச் சனிக்கிழமைக்குள் முதல்வரிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். துறைத் தலைவரான கோர்படே மேடம் ஆறு கட்டங்களை நிரப்பியிருந்தார். ஏழாவது கட்டம், ‘பணியாளர் மீது குறை ஏதும் உண்டா?’ என்பது. வியாழக்கிழமைத் தேர்வு நல்லபடியாக முடிந்ததும் அதில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடந்த அந்தப் படிவத்தைத் தினமும் ஒரு பார்வை பார்த்தபடியே ஸ்ரீபதி மேசையைத் துடைத்தார்.

டேச்சா என்பது ஒன்றும் அதிசயப் பண்டம் இல்லை. பச்சை மிளகாய், பூண்டு, வறுத்த வேர்க்கடலை, உப்பு எல்லாம் சேர்த்து இடித்தால் டேச்சா. ஸ்ரீபதி கடைசியில் அரை மூடி எலுமிச்சை பிழிவார். அதுதான் அவர் கைப்பக்குவம். இடித்த கையோடு பரிமாறினால்தான் காரம் மூக்கில் ஏறும் என்பதால், வீட்டில் இடித்து டப்பாவில் கொண்டுவர அவர் சம்மதிக்க மாட்டார். ஆய்வகத்தில் இடிக்கவும் அரைக்கவும் இரண்டு பீங்கான் கல்வங்கள் இருந்தன. விளிம்பு உடைந்தது டேச்சாவுக்கு, நல்லது இலைக்கு. ‘ஆய்வகத்துக்குள் உணவுப் பொருளுக்கு அனுமதி இல்லை’ என்ற சுற்றறிக்கையைக் கதவில் பசை தடவி ஒட்டியவரும் அவர்தான். ஒட்டிவிட்டு உள்ளே போய் மிளகாய் இடித்தார். மேடமும் ஒரு வடை எடுத்துக்கொண்டார்.

விளிம்பு உடைந்த கல்வத்தைப் பிப்ரவரியில் ஒரு மாணவன் கீழே போட்டு முழுதாகவே உடைத்துவிட்டான். புதியது வேண்டும் என்று ஸ்ரீபதி எழுதிக் கொடுத்தார். எதற்கு என்று எழுத முடியாத பொருளை எந்த அலுவலகம் வாங்கிக் கொடுக்கும்?

அந்த வியாழக்கிழமை சாங்லியிலிருந்து இனாம்தார் சார் வந்தார். போன வாரம் இன்னொரு கல்லூரியில் நான்கு பிள்ளைகளை அழ வைத்தவர் என்ற செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மேடம் காலையிலிருந்து மூன்று முறை சேலைத் தலைப்பைச் சரி செய்தார். ஸ்ரீபதி இருந்த ஒரே கல்வத்தில் டேச்சா இடித்து, அதைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வடையோடு கொண்டுபோய் வைத்தார். இனாம்தார் முதல் வடையைப் பேசாமல் தின்றார். இரண்டாவதில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மூன்றாவதற்குக் கிண்ணத்தில் டேச்சா இல்லை.

இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று அவர் கேட்டதும் மேடத்தின் முகம் மலர்ந்தது. ஸ்ரீபதி ஓடினார். மாணவர்கள் பன்னிரண்டு பேரும் ஆய்வக வாசலில் நின்றிருந்தார்கள்; தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. மிளகாயை இடித்தார், எலுமிச்சையைப் பிழிந்தார், வழித்துக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தனுப்பினார். கழுவுதொட்டியில் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வரவில்லை. ஈரத் துணியால் கல்வத்தை ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துவிட்டு, பாலக் கீரையைக் கிள்ளிப் போட்டு, மணலும் அசிட்டோனும் சேர்த்து அரைத்தார். அடியில் டேச்சாவின் சாறு நின்றதை அவர் பார்க்கவில்லை. வடிகட்டிய சாறு வழக்கமான கரும்பச்சையாக இல்லாமல், வெந்த கீரையின் நிறத்தில் இருந்தது. சந்தைக்காரி பழைய கீரையைத் தலையில் கட்டிவிட்டாள் என்று மனதுக்குள் அவளைத் திட்டினார். திட்டியபடியே பன்னிரண்டு சின்னக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி வைத்தார்.

இலையில் இருக்கும் நிறங்களைப் பிரித்துக் காட்டுவதுதான் அன்றைய சோதனை. வடிதாள் துண்டின் அடியில் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் நடுவில் நுண்குழாயால் ஒரு சொட்டுச் சாறு. காய்ந்ததும் அதே இடத்தில் இன்னொரு சொட்டு, இப்படிப் பதினைந்து முறை. பிறகு ஈதர் வாசமடிக்கும் ஜாடிக்குள் தாளைத் தொங்கவிட்டு மூடிவிட வேண்டும். திரவம் தாளில் ஏறும்போது நிறங்களையும் தூக்கிக்கொண்டு போகும். ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் உயரத்தில் நின்றுவிடும். உச்சியில் கரோட்டினின் ஆரஞ்சு, கீழே மஞ்சள், அதற்கும் கீழே இரண்டு பச்சைகள். ஆக நான்கு பட்டைகள். காற்று படக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிடுவார்கள். மார்ச் மாத வெக்கையில் பன்னிரண்டு பேரும் வியர்த்து வழிந்தபடி ஜாடியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பேர்.

உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. இந்தச் சோதனை டிசம்பரிலேயே ஜர்னலில், அதாவது செய்முறைக் குறிப்பேட்டில், ஏறிவிட்டது. மூத்த மாணவரின் ஜர்னலை வாங்கி, படத்தையும் அளவையும் அப்படியே இறக்கி, மேடத்தின் கையெழுத்தும் வாங்கியாயிற்று. மூத்தவர் தமக்கு மூத்தவரிடம் வாங்கியிருந்தார். தேர்வில் ஜர்னலை நினைவிலிருந்து எழுத வேண்டும். ஈரத் தாளை விடைத்தாளோடு குத்திக் கொடுத்துவிட வேண்டும். தேர்வாளர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள். ஊசியில் தொங்கும் தாளை யார் பார்க்கப் போகிறார்கள்?

சாயலி மோஹிதே என்ற பெண்ணுக்கு மட்டும் இந்த வசதி கிடைக்கவில்லை. கொய்னா பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து விடிகாலைப் பேருந்தில் வருகிறவள். அவள் ஊரிலிருந்து அவளுக்கு முன் யாரும் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. ஜர்னல் கொடுக்க ஆளில்லை. எல்லாவற்றையும் தானே பார்த்து அளந்து எழுதியதால் அவள் ஜர்னல்தான் கடைசியாக வந்தது. அதற்காக மேடத்திடம் திட்டும் வாங்கியிருந்தாள். அன்றும் அவள் ஜாடியைப் பார்த்தாள். ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை நின்றது. அதையும் வரைந்து, அளந்து, பெயர் தெரியாததால் ‘சாம்பல்’ என்றே எழுதி வைத்தாள்.

ஆய்வகத்திலேயே நடந்த வாய்மொழித் தேர்வின்போது ஸ்ரீபதி தேநீர்க் கெட்டிலோடு இனாம்தாரின் பின்னால் நின்றிருந்தார். பதினொரு பேர் நான்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாயலி வந்தாள்.

“எத்தனை பட்டை?”

“அஞ்சு சார்.”

“எல்லாருக்கும் நாலு, உனக்கு மட்டும் அஞ்சா? அந்த ஒண்ணை வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தியா?”

தாளைப் பார்க்கும்படி அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். இனாம்தார் பார்த்தார்.

“இது பட்டை இல்லம்மா, அழுக்கு. கையைக் கழுவாம தாளைத் தொட்டா இப்படித்தான் இருக்கும்.”

இருபதுக்கு ஏழு போட்டார். எட்டு இருந்தால்தான் தேர்ச்சி. சாயலி அழவில்லை. தன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ரீபதியின் கண், மேசை மேல் அடுக்கியிருந்த மற்ற விடைத்தாள்கள் மேல் போனது. படம் ஒவ்வொன்றிலும் நான்கு பட்டை. பக்கத்தில் குத்தியிருந்த தாள் ஒவ்வொன்றிலும் ஐந்து. அழுக்குக் கை பன்னிரண்டு பேருக்கும் ஒரே உயரத்திலா படும்? அப்போதுதான் அவருக்குக் கீரைச் சாற்றின் நிறம் நினைவுக்கு வந்தது. கீரை கொதிக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் பச்சை செத்துப்போகும். தாராபாய் இறக்கி வைத்த பிறகுதான் பிழிவாள். சந்தைக்காரியைத் திட்டியது அநியாயம் என்று உறைத்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த கோர்படே மேடத்துக்கும் புரிந்துவிட்டது. அவர் கல்வத்தைப் பார்த்தார், ஸ்ரீபதியைப் பார்த்தார், தலையை இலேசாக ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். இன்னும் இரண்டே நாள். ஏழாவது கட்டத்தில் ஒரே ஒரு சொல். ஸ்ரீபதி இனாம்தாரின் கோப்பையில் தேநீர் ஊற்றினார். கோப்பை நிரம்பித் தட்டிலும் வழிந்தது.

“சார், அந்தப் பொண்ணு கை சுத்தம்தான். கல்வம்தான் சுத்தமில்ல.”

இனாம்தார் திரும்பினார்.

“நீங்க ரெண்டாவது தடவை டேச்சா கேட்டீங்கல்ல, அதை இடிச்ச கல்வத்துலயே கீரையையும் அரைச்சுட்டேன். எலுமிச்சை அடியில நின்னிருக்கு. பன்னெண்டு தாள்லயும் அந்தப் பட்டை இருக்கு சார், பாருங்க.”

இனாம்தார் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பிறகு கல்வத்தைப் பார்த்தார். அதன் பக்கத்தில் ஈதர் பாட்டிலும் அசிட்டோன் பாட்டிலும் இருந்தன. அவர் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“நான் சாப்பிட்டது இதுல இடிச்சதா?”

“இந்த வருஷம் மட்டும்தான் சார்” என்றார் ஸ்ரீபதி. ஆறுதலாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு.

மனிதர் கோபக்காரர், ஆனாலும் வாத்தியார். கல்வத்தைக் கழுவச் சொல்லி, புதுக் கீரையை அரைக்க வைத்து, பாதிச் சாற்றில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டு, இரண்டு தாள்களைத் தாமே தொங்கவிட்டார். முக்கால் மணி நேரம் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒன்றில் நான்கு பட்டை வந்தது, மற்றதில் ஐந்து. சாயலிக்குப் போட்ட ஏழு என்ற எண்ணை அடித்துவிட்டுப் பத்தொன்பது போட்டார். மற்ற பதினொரு பேருக்கும், கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு நினைவில் இருந்ததை எழுதியதற்காக மூன்று மூன்று குறைத்தார். கட்டி வைத்திருந்த வடைப் பொட்டலத்தைத் தொடாமல் போனார். போகும் முன், ஆய்வகத்தில் சமையல் நடக்கிறது என்று முதல்வருக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாள் முதல்வர் மேசையில் இருக்கும்போது ஏழாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத மேடத்துக்குத் துணிவு வரவில்லை. ‘உண்டு’ என்று எழுதவும் மனம் வரவில்லை. கெட்ட மனுஷி இல்லை அவர். சனிக்கிழமை போய்விட்டது. படிவத்தை இழுப்பறையில் போட்டார்.

“நான் தலையை ஆட்டினேனே மாமா, பார்க்கலையா?”

“பார்த்தேன் மேடம்.”

தாராபாய் அந்த மே மாதம் மாம்பழம் வாங்கவே இல்லை. ஓர் எலுமிச்சம்பழத்துக்கு உத்தியோகத்தைக் கொடுத்துவிட்டு வந்த மகராசன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசாமலே இருந்தாள். திட்டியிருந்தால் ஸ்ரீபதிக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஜூனில் ஸ்ரீபதி வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுத் தற்காலிகமாகவே உள்ளே வந்தார். அடுத்த ஆண்டு அந்த உத்தரவை இன்னோர் ஆண்டுக்கு நீட்டித்தார்கள். மேடம் புதுப் படிவம் எடுத்து, ஆறு கட்டங்களை நிரப்பி, மறுபடி கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் ஸ்ரீபதியை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் பதினெட்டு ஜர்னல்கள் இருந்தன. பதினெட்டிலும் ஐந்து பட்டைகள். போன ஆண்டு ஐந்து வரைந்தவளுக்குப் பத்தொன்பது, நான்கு வரைந்தவர்களுக்கு மூன்று வெட்டு என்ற செய்திதான் புதுப் பிள்ளைகளுக்குப் போயிருந்தது. தேர்வுக்கு முன்பே எழுதிய சாயலியின் ஜர்னலில் நான்குதான் இருந்தது. அதை யாரும் கேட்டு வாங்கவில்லை. மேடம் வழக்கம்போல அடுக்காக வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். சுத்தமான கல்வத்தில் அரைத்தால் தாளில் நான்குதான் வரும். வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு ஜர்னலையும் புரட்டினால், பதினெட்டுக் கையெழுத்துக்கும் மேடம்தான் பதில் சொல்ல வேண்டும்.

“அரை மூடி போதும் மாமா” என்றார் மேடம். அவர் விரல் படிவத்தின் மேல் இருந்த கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது.

ஸ்ரீபதி ஜர்னல் அடுக்கை நேராக்கி வைத்தார்.

“போன வருஷம் தெரியாம நடந்துபோச்சு மேடம். தெரிஞ்சே பிழிய என்னால ஆகாது.”

மேடம் வற்புறுத்தவில்லை. படிவத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். ஸ்ரீபதி வெளியே வந்து, யாரும் கேட்காமலே எல்லாக் கண்ணாடிச் சாமான்களையும் இன்னொரு முறை கழுவினார்.

தேர்வன்று கோலாப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். சிரித்த முகம். டேச்சாவை ஸ்ரீபதி வீட்டிலேயே இடித்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்து ஆசிரியர் அறையில் வைத்திருந்தார். கல்வத்தைச் சோப்பால் இரண்டு முறையும் வெறும் தண்ணீரால் மூன்று முறையும் கழுவிவிட்டுக் கீரையை அரைத்தார். சாறு கரும்பச்சையாக இறங்கியது. பதினெட்டுத் தட்டுகளில் ஊற்றிவிட்டு, விருந்தாளிக்கு வடை பரிமாறப் போனார். பேச்சும் தேநீருமாக ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஜாடிகளில் தாள்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

எல்லாவற்றிலும் சாம்பல் பட்டை இருந்தது. அவர் கல்வத்தைத் தூக்கி மோந்து பார்த்தார். சோப்பு வாசம்தான் அடித்தது. கையை மோந்தார். பதினெட்டு ஜாடிகளையும் சுற்றி வந்தார். ஐந்து, ஐந்து, எங்கே பார்த்தாலும் ஐந்து.

கோலாப்பூர்க்காரர் தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், இப்படி ஒன்றுபோல வந்து தாம் பார்த்ததே இல்லை என்று மகிழ்ந்து எல்லாருக்கும் பதினெட்டுக்கு மேல் போட்டார். வடைப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டார். அவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த மேடம் நேராகத் தம் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் படிவம் கையில் வெளியே வந்தார். ஏழாவது கட்டத்தில் மை இன்னும் காயவில்லை. ஸ்ரீபதியைக் கடக்கும்போது நடையைக் குறைத்துக்கொண்டார்.

“மனசு மாறினதுக்கு நன்றி மாமா. நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்.”

ஸ்ரீபதிக்கு ஒன்றும் ஓடவில்லை. துடைப்பத்தை எடுத்து ஆய்வகத்தைக் கூட்டத் தொடங்கினார். முதல் மேசைக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சை மூடி ஒன்று கிடந்தது. இரண்டாவது மேசைக்கு அடியில் இரண்டு. கழுவுதொட்டிக்குப் பின்னால் ஒன்றைத் திணித்து வைத்திருந்தார்கள். மொத்தம் ஒன்பது மூடிகள். இரண்டு பேருக்கு ஒன்று என்று பங்கு போட்டிருக்கிறார்கள். ஜர்னலில் இருப்பது தாளில் வர வேண்டுமே என்று பிள்ளைகள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அவர் வடை பரிமாறிய நேரத்தில் தட்டுக்கு ஒரு சொட்டு விட்டிருக்கிறார்கள். அவர் பிழிய மாட்டேன் என்று சொன்னதை அவர்கள் கேட்கவுமில்லை, அவரிடம் கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மூடிகளைப் பொறுக்கிச் செய்தித்தாளில் சுற்றினார். பொட்டலத்தோடு மேடத்தின் அறை வாசலில் போய் நின்றார். மேடம் திரும்பி வந்து விடைத்தாள்களைக் கட்டிக்கொண்டிருந்தார். படிவம் முதல்வர் அறையில் எழுத்தர் மேசையில்தான் இன்னும் இருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். சாயலி அவர் நினைவுக்கு வந்தாள். மாம்பழம் இல்லாத மே மாதமும் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, கேவலமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“என்ன மாமா, கையில என்ன?”

“ஒண்ணுமில்ல மேடம். குப்பை.”

கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்.

உத்தரவு ஏப்ரல் இருபத்தாறாம் தேதி வந்தது. அந்த மே மாதம் முழுக்க ஆய்வகச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. வழியில் பார்த்தவர்கள் மாமா என்று கூப்பிட்டார்கள். தாராபாய் கூடை நிறைய மாம்பழம் வாங்கினாள். டேச்சாவில் எலுமிச்சை பிழிவதை மட்டும் அவர் நிறுத்திவிட்டார்.